அண்ணனின் பிறந்த தேதி

செஞ்சியில் என் எதிர்வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற மேஜர், மறுபடி பட்டாளத்துக்குப் போக விண்ணப்பிக்கப் போவதாக 1962 நவம்பர் தொடக்கத்தில் சொன்னார். வடக்கு எல்லையில் சீனாவோடு சண்டை மூண்டு இரண்டு வாரம் ஆகியிருந்தது. இதை எழுத நினைவை மட்டும் நம்பவில்லை. அன்றாடம் டைரி எழுதும் பழக்கம் எனக்கு அப்போதே உண்டு.

அவர் சிப்பாயாகச் சேர்ந்து, உலகப் போரின்போது அதிகாரியானவர். பர்மாவில் இருந்திருக்கிறார். அதைப் பற்றிக் கேட்டால் அங்கே பெய்த மழையைப் பற்றித்தான் பேசுவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வுபெற்று வந்தபின் விதவையான அக்காவோடு இருந்தார். அதுவரை காலையில் ராஜகிரி அடிவாரம் வரை நடந்துவிட்டுத் திரும்புகிறவர், அந்த வாரம் உச்சிவரை ஏறத் தொடங்கினார். "ஏறிடலாம். எறங்கும்போதுதான் முட்டி பேசுது" என்றார்.

கடைத்தெருவில் மளிகைக்காரர் கேட்டார்: "இன்னா மேஜர் சார், நீங்க போய்த்தான் சீனாக்காரனைத் தள்ளணுமா?"

"தள்ள ஆள் இருக்கான்யா. தள்ளச் சொல்லத்தான் ஆள் கம்மி."

ஒரே தடை, வயது. ஓய்வுபெற்ற அதிகாரிகளைத் திரும்ப எடுக்க ஒரு வரம்பு வைத்திருந்தார்கள். பட்டாளத்தின் பதிவுப்படி அவர் அதை ஒரு வருஷம் தாண்டியிருந்தார். "நிஜத்துல நான் அந்தப் பதிவுக்கு மூணு வருஷம் சின்னவன், கிளார்க் சார். பிறப்புப் பதிவேட்டுல பார்க்க முடியுமா?" என்று கேட்டார்.

எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. நான் உயர்நிலைப் பள்ளிக் குமாஸ்தா. அதற்குமுன் ஆரம்பப் பள்ளியில் இருந்தபோது, கையைத் தலைக்கு மேலே வளைத்து மறுபக்கக் காதைத் தொட்ட பிள்ளைக்கு ஐந்து வயது என்று எழுதியவன். தேதி தெரியாதென்று பெற்றோர் சொன்னால் ஜூன் மாதத்தில் ஏதாவது ஒரு நாளைப் போடுவோம். அப்படி நான் பிறந்தநாள் கொடுத்தவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். மேஜர் விஷயமும் அப்படித்தான் இருக்குமென்று நினைத்தேன்.

தாலுகா அலுவலகத்தில் இரண்டு நாள் தேடினேன். பழைய பதிவேடுகளில் குழந்தையின் பெயர் இருக்காது. தகப்பன் பெயர், தெரு, ஆணா பெண்ணா, அவ்வளவுதான். அவருடைய தகப்பனார் பெயரில், அதே தெருவில், மூன்று வருஷ இடைவெளியில் இரண்டு ஆண் குழந்தைகள் இருந்தன. முதல் குழந்தையின் தேதி, மேஜரின் பட்டாளத் தேதியேதான். நாள்கூட மாறவில்லை. இரண்டுக்கும் நகல் வாங்கிக்கொண்டு வந்தேன். மேஜர் வீட்டில் இல்லை. அக்காவிடம் கேட்டேன்.

"அது பெரியவனோடது தம்பி. பள்ளிக்கூடத்துல சேர்க்கறதுக்காக நைனா நகல் வாங்கி வச்சிருந்தார். சேர்க்கறதுக்குள்ள அம்மை வந்து போய்ட்டான். இவனுக்கு அப்ப ரெண்டு வயசு. பதினஞ்சாவது வயசுல பொட்டியில இருந்து அந்தக் காயிதத்தை எடுத்துக்கினு பட்டாளத்துக்கு ஓடிட்டான். நைனா ஆறு மாசம் இவன் பேச்சையே எடுக்கல."

நகலில் பெயர் இல்லாததால் அது தம்பிக்கும் பொருந்திவிட்டது.

மேஜர் வந்ததும் இரண்டு நகல்களையும் மேசையில் வைத்தேன். மூக்குக்கண்ணாடி போட்டு இரண்டையும் நிதானமாகப் படித்தார். இரண்டாவது நகலை இணைத்து, சேரும்போது நடந்ததை ஒரு பத்தியில் எழுதிவிட்டால் போதும் என்றேன்.

"உண்மையைத்தானே சார் சொல்லப் போறோம்?" என்றேன், அவர் தயங்குவதைப் பார்த்து.

"உண்மைதான். முப்பது வருஷத்துக்கு மேல சொல்லல. இப்ப சொன்னா எனக்கு லாபம், அதனால சொல்றேன்." நகல்களை மடித்தபடி, "யுத்தத்தப்போ ஆள் எடுக்கற வேலையில இருந்தேன். அடுத்தவன் சர்டிபிகேட்டோட வந்த பசங்களைத் திருப்பி அனுப்பியிருக்கேன். ஒருத்தன் என் காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதான். அவன்கிட்ட என் கதையைச் சொல்லலியே" என்றார்.

அக்கா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: "ரெண்டுல எதை அனுப்பினா இவன் போக மாட்டானோ, அதை அனுப்பு தம்பி."

"அக்கா, சும்மா இரு."

"சும்மாதான் இருக்கேன். நீதான் இந்த வயசுல சும்மா இருக்க மாட்டேங்கற."

திங்கட்கிழமை பள்ளிக்கூடத் தட்டச்சு இயந்திரத்தில் விண்ணப்பத்தை அடித்தேன். அவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பிறந்த தேதிக்கு வந்ததும் நிறுத்தி அவரைப் பார்த்தேன். முதல் நகலில் இருந்த தேதியைச் சொன்னார்.

"தள்ளிடுவாங்க சார்."

"அந்தத் தேதியில சேர்ந்தேன், அந்தத் தேதியில ரிடையர் ஆனேன். அடிங்க."

அடித்தேன். அது சரியென்று எனக்கு அன்றும் படவில்லை, இன்றும் படவில்லை. தகுதியான ஒருவர் தேவைப்பட்ட நேரத்தில் போகாமல் போனார் என்றுதான் டைரியில் எழுதியிருக்கிறேன்.

இருபத்தோராம் தேதி சண்டை நின்றது. அதற்குப் பிறகும் அவர் தபால்காரர் வரும் நேரத்துக்கு வீட்டில்தான் இருப்பார். மலை ஏறுவதையும் விடவில்லை. டிசம்பரில் பதில் வந்தபோது நான் அங்கே இருந்தேன். வயது வரம்பைக் கடந்துவிட்டதால் பரிசீலிக்க இயலவில்லை என்று இரண்டே வரி. படித்துவிட்டு என்னிடம் கொடுத்தார்.

"இன்னான்னு எழுதியிருக்குது?" என்றார் அக்கா.

"வயசாயிடுச்சாம்."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து கடிதத்தைத் தொட்டுப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. "செத்தும் தம்பியைக் காப்பாத்திட்டான் பெரியவன்" என்றார்.

மேஜர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நான் கிளம்ப எழுந்தபோது, "அக்கா, அவன் எப்படி இருப்பான்?" என்று கேட்டார்.

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"உன்ன மாதிரி இல்லடா. சொன்ன பேச்சு கேப்பான்."