வெள்ளைக்காரர் எழுதிய ஒன்றரைப் பக்கம்

உலகப் படம் பார்ப்பது அந்த நாளில் எனக்கு ஒரு கிறுக்கு. திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தேன். பூகோள ஆசிரியர் லீவு போட்டால் அவருடைய வகுப்பைக் கேட்டு வாங்கிக்கொள்வேன். சுவரில் படத்தை மாட்டிவிட்டு, கண்ணால் பார்த்திராத துறைமுகங்களைப் பற்றி மணி அடிக்கும்வரை பேசுவேன். நான் போன தூரம் வடக்கே சென்னை, தெற்கே கன்னியாகுமரி. அவ்வளவுதான்.

ஐம்பதுகளின் பிற்பகுதியில், ஒரு கோடை விடுமுறையில், பங்குச்சாமியார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவர் அறையில் ஓர் ஆங்கிலேயர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். வெயிலில் மூக்கு தோலுரிந்து சிவந்திருந்தது. நாடு நாடாகப் போய், அங்கங்கே கிடைப்பதைச் சாப்பிட்டு, அதைப் புத்தகமாக எழுதுவதுதான் அவருக்குத் தொழில். கொடைரோட்டில் ரயிலை விட்டு இறங்கியவர், மலைக்குப் போகுமுன் பத்து நாள் சமவெளியில் சுற்ற விரும்பினார். பேச்சை மொழிபெயர்க்க ஆள் வேண்டும். சாமியார் என்னைக் கைகாட்டினார்.

அந்தப் பத்து நாளும் நான் தரையில் நடக்கவில்லை. நிலக்கோட்டைப் பூச்சந்தைக்குக் கூட்டிப்போனேன். மல்லிகைக் குவியல்களுக்கு நடுவே நின்றுகொண்டு அவர் இஸ்தான்புல்லில் பாலத்தடியில் சுட்டுத் தந்த மீனைப் பற்றிப் பேசினார். சிறுமலை வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே ஹாங்காங்கில் குடித்த பாம்பு சூப்பைப் பற்றிச் சொன்னார். ஒரு நாள், "உன்னைப் போல ஒருவன் உடன் இருந்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம். கொழும்பு போனதும் எழுதுகிறேன்" என்றார். அன்று முதல் எனக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை. சூட்கேஸ் வாங்குவது பற்றிக்கூட என் மனைவியிடம் பேசினேன்.

ஊரின் நல்ல சாப்பாடு எங்கே என்று அவர் கேட்டபோது எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பேகம்பூரில் என் நண்பர் ஒருவர் இருந்தார். நானும் அவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அவர் ஐந்தாம் வகுப்போடு நின்று, கல்யாணச் சமையலுக்குப் போய், பிறகு சொந்தமாகச் சின்னதாக ஒரு பிரியாணிக் கடை போட்டார். அவருடைய அண்ணன் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தார். எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை மதியம் அந்த வீட்டில் எனக்கும் ஒரு தட்டு உண்டு. அவருக்கு நான் "வாத்தியாரே". எனக்கு அவர் "பாய்".

"கடையில வேணாம் வாத்தியாரே, வீட்டுக்குக் கூட்டியாங்க" என்றார் பாய்.

பள்ளிக்கூடத்திலிருந்து மேசையும் நாற்காலியும் கொண்டுவந்து போட்டோம். பாயே விடியலில் சந்தைக்குப் போய்க் கறி எடுத்துவந்தார். சீரகச் சம்பாச் சோறு, கத்தரிக்காய் போட்ட தாளிச்சா, தயிர்ப் பச்சடி. பாயின் மனைவி திரைக்குப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். ஒன்பது வயது மகள் விருந்தாளிக்கு விசிறிக்கொண்டு நின்றாள். அவர் எழுந்திருக்கும்வரை அந்த வீட்டில் ஒருவரும் சாப்பிடவில்லை. அவர் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்.

திரும்பும்போது குதிரை வண்டியில் அவர் என்னைக் கேட்டார்: "அந்த அண்ணன் தோல் வேலை செய்கிறாரே, உனக்கு அந்த வீட்டில் சாப்பிடச் சங்கடமாக இல்லையா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல். ஆனால் இஸ்தான்புல்லும் ஹாங்காங்கும் பார்த்த மனிதருக்குச் சமமாக நானும் எதையாவது நறுக்கென்று சொல்ல வேண்டுமே. "பழகிய தோஷத்துக்குச் சாப்பிடுகிறேன். சோற்றிலும் அந்தத் தோல் நாற்றம் இருக்கும். வீட்டுக்குப் போய் எலுமிச்சம்பழம் தேய்த்துக் கை கழுவுவேன்" என்று நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன். எல்லாம் பொய். அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். ஆடும் வண்டியிலேயே நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். ஆங்கிலத்தில் ஓர் ஆங்கிலேயரைச் சிரிக்க வைத்த பெருமை அன்று ராத்திரிவரை எனக்கு இருந்தது.

அவர் போனார். கொழும்பிலிருந்து கடிதம் வரவில்லை. நான் சூட்கேஸ் பேச்சை எடுப்பதை நிறுத்திவிட்டேன்.

நாலு வருஷம் கழித்து என் பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. அவருடைய புத்தகம். திண்டுக்கல்லுக்கு ஒன்றரைப் பக்கம் கொடுத்திருந்தார். சோற்றைப் பற்றி இரண்டு வரி. மிச்சமெல்லாம் ஊரின் தோல் நாற்றம், ஈ, திரைக்குப் பின்னால் தெரிந்த வளையல் கை. கடைசியில், "என் வழிகாட்டியான ஆசிரியர் என்னிடம் ஒப்புக்கொண்டார்" என்று தொடங்கி, நான் சொன்னது ஒரு சொல் மாறாமல் இருந்தது.

வெள்ளைக்காரர் புத்தகம் வந்திருப்பதைத் தபால்காரர் பாயின் கடையிலும் சொல்லிவிட்டிருந்தார். மாலையில் பாய் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"நம்ம வீட்டப் பத்தி எழுதிருப்பாருல்ல. செத்த வாசிச்சுக் காட்டுங்க வாத்தியாரே."

புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு, அதில் இல்லாததை வாசித்தேன். "உலகத்தில் எத்தனையோ ஊரில் சாப்பிட்டிருக்கிறேன், இப்படி ஒரு சோற்றை எங்கும் கண்டதில்லை" என்று எழுதியிருப்பதாகச் சொன்னேன். பாய் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். புத்தகத்தை ஒரு வாரம் கொடுங்கள் என்றார். மறுக்க என்னால் முடியவில்லை. அதைக் கடையில் கல்லாவுக்கு மேலே வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினார். இங்கிலீஷ் தெரிந்த யாராவது சாப்பிட வந்துவிடுவார்களோ என்று நான் தினமும் பயந்தேன்.

படித்தது அவர் மகள்தான். அப்போது அவள் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலிலிருந்து திரும்பியபோது புத்தகத்தோடு வாசலில் நின்றாள்.

"மாமா, இதுல வழிகாட்டின்னு போட்டிருக்கே, அது நீங்கதானே?"

தலையாட்டினேன்.

"அத்தாகிட்ட நான் இன்னும் சொல்லல. நீங்களே வந்து சொல்லிருங்க" என்று புத்தகத்தை என் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

ஒன்பது நாள் போகவில்லை. பத்தாம் நாள் காலையில் போனேன். பாய் கடைப் பின்கட்டில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கத்தி நிற்கவில்லை. முடித்த பிறகு கேட்டார்:

"அன்னிக்குச் சோத்துல நாத்தம் இருந்துச்சா?"

"இல்ல பாய்."

"அப்புறம் ஏன் சொன்னீக?"

அந்த மனிதர் சிரிக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னேன் என்று எப்படிச் சொல்வது?

"அந்த வெள்ளக்காரர் எழுதுனது எனக்குப் பெருசா படல. நாளைக்கு வேற ஊரு போயி வேற சோறு திம்பாரு" என்றார் பாய். "உலகத்துல எங்கயும் இப்படிச் சோறு இல்லைன்னு வாசிச்சீகளே, அதத்தான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். இம்புட்டு நாளும் என்னய சொல்ல விட்டுட்டு வேடிக்கை பாத்திருக்கீக."

திட்டவில்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானம் ஆகியிருப்போமோ என்னவோ. அந்த வெள்ளிக்கிழமை நான் போகவில்லை. அவரும் ஆளனுப்பவில்லை.

அந்த வரியை அடுத்த பதிப்பில் எடுத்துவிடும்படி ஆங்கிலேயருக்கு எழுதினேன். ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து தபால் அட்டையில் பதில் வந்தது. வாசகர்கள் மிகவும் ரசித்த வரி அதுதானாம். எனக்கு நன்றி சொல்லியிருந்தார். அங்கே கிடைக்கும் மத்தி மீன் பிரமாதம் என்றும் எழுதியிருந்தார்.

அறுபதுகளின் நடுவில் பாயின் மகளுக்குக் கல்யாணம். ஒரே ஊரில், கூப்பிடு தூரத்தில் இருந்த எனக்குப் பத்திரிகை தபாலில் வந்தது. போகாதீர்கள் என்றாள் மனைவி. போனேன். பாய் பந்தலில் நின்று எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கும்பிட்டு, "வாங்க சார், சாப்ட்டுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு அடுத்தவர் பக்கம் திரும்பினார்.

மூன்றாம் பந்தியில், யாரென்று தெரியாத இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவர் கையால் ஆக்கிய சோறு. அவ்வளவு நன்றாக இருந்தது. அதைப் போய் அவரிடம் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. கை கழுவிவிட்டு வந்துவிட்டேன்.