இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபது

மேஸ்திரியை நினைத்தால் சூளைக் கொட்டகையின் மண்சுவரில் அவர் கரியால் எழுதிவைத்திருந்த 2520 என்ற எண்தான் முதலில் கண்ணில் நிற்கிறது. இலுப்பூருக்குப் பக்கத்துச் செங்கல் சூளை அது. லாரிக்குக் கல் ஏற்றும் எங்களுக்கு அவர்தான் தலைவர். மற்ற இடங்களில் ஒரு லோடு என்றால் இரண்டாயிரத்து ஐந்நூறு கல். இவர் மட்டும் எப்போதும் இருபது கூட வைப்பார்.

உடைசலுக்கு என்று ஒருமுறை சொன்னார். நான் நம்பவில்லை. ஒன்றுமே உடையாத நாளிலும் அதே இருபதுதானே? வாங்குகிறவர்களிடம் தனியாக ஏதோ பேசிவைத்திருக்கிறார் என்று எண்ணினேன். எண்ணிய பிறகு, அவர் டிரைவரோடு டீ குடிப்பதும் சிரிப்பதும்கூட எனக்குச் சாட்சியாகிவிட்டன. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான்; கூச்சக்காரன். அவரிடம் நேரே கேட்க வாய் வரவில்லை. ஆனால் ஒரு மதியம் வேலை எப்படிப் போகிறது என்று முதலாளி கேட்டபோது, தானாக வந்துவிட்டது: "லோடுக்கு இருபது கல்லு கூடப் போகுதுங்க."

மேஸ்திரியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். "அப்பத்தாங்க ஆளுக்கு ஆளு சரியா வருது" என்றார்.

"யாருக்குச் சரியா வருது, ஒனக்கும் டிரைவருக்குமா?" என்றார் முதலாளி.

அன்றே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னைக் கடந்தபோது மேஸ்திரி சொன்னது ஒன்றுதான்: "என்கிட்ட கேட்டிருக்கலாம்லப்பா."

மறுவாரம் முதல் லோடு இரண்டாயிரத்து ஐந்நூறு ஆனது. எத்தனை பேர் வருகிறோமோ, கல்லைத் தலைக்கு இத்தனை என்று சமமாகப் பிரித்துச் சுமப்பது எங்கள் வழக்கம். ஏழு பேர் வந்த நாள் ஒரு கல் மிஞ்சியது. எட்டுப் பேர் என்றால் நாலு. ஒன்பது பேர் என்றால் ஏழு. மிஞ்சியதை யார் சுமப்பது? எதிர்த்துப் பேசாத ஒரு விதவைப் பெண் எங்களோடு இருந்தார். "நீயே ஒரு நடை போயிட்டு வந்துரு தாயி" என்பார்கள். தினமும் அவர் தலையில்தான் விழுந்தது.

ஒருநாள் கரித்துண்டை எடுத்து, சுவரில் இருந்த அந்தப் பழைய எண்ணை வகுத்துப் பார்த்தேன். ஏழு பேருக்கு முந்நூற்று அறுபது. எட்டுப் பேருக்கு முந்நூற்றுப் பதினைந்து. ஒன்பது பேருக்கு இருநூற்று எண்பது. பத்துப் பேர் வரை எத்தனை பேர் வந்தாலும் மீதியே இல்லை. நாங்கள் பத்துப் பேருக்கு மேல் இருந்ததும் இல்லை.

அப்போதும் என் சந்தேகம் போகவில்லை. தற்செயலாக இருக்கலாமே என்றது. கல் வாங்க வந்த கணக்கு வாத்தியாரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். ஒன்று முதல் பத்து வரை எல்லாவற்றாலும் மீதியின்றி வகுபடுகிற எண்களில் இதுதான் ஆகச் சிறியது என்றார். மேஸ்திரிக்கு அது தெரிந்திருந்ததா, தெரியாது. அந்தப் பெண்ணின் தலை அவருக்குத் தெரிந்திருந்தது.

இப்போது வல்லத்திராக்கோட்டைப் பக்கம் ஒரு சூளையில் நான் மேஸ்திரி. கொட்டகைச் சுவரில் 2520 என்று எழுதியிருக்கிறேன். புதிதாக வந்த ஒருவர் கொஞ்ச நாளாக அந்த எண்ணைப் பார்க்கிறார், டிரைவரைப் பார்க்கிறார், பிறகு என்னைப் பார்க்கிறார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. நேற்று மதியம் அவர் முதலாளி அறைப் பக்கம் நடந்தார். யாரையும் சத்தமாகக் கூப்பிட்டுப் பழகாதவன் நான், கூப்பிட்டேன்.

"அண்ணே, இங்கிட்டு வாங்க. அந்த இருபது கல்லு எதுக்குன்னு என்கிட்ட கேளுங்க."

அவர் நின்றார். நான் குனிந்து ஒரு கரித்துண்டைத் தேடினேன்.