மழைக்குத் திறக்காத வால்வு

மழை வந்தால் எல்லோரும் குடையைத் தேடுவார்கள். அந்தச் சாயப்பட்டறையில் மட்டும் வால்வு அக்காவைத் தேடுவார்கள்.

கழிவுத் தொட்டியின் வால்வுக்கு அவள்தான் பொறுப்பு. வெயில் நாளில் அதைத் தொடக் கூடாது. ஓடையில் சாயம் பளிச்சென்று தெரிந்துவிடும். மழை வலுத்ததும் திறந்துவிட வேண்டும். வெள்ளத்தோடு வெள்ளமாக ஓடிவிடும். பதினோரு வருடங்களாக இதே கைதான் திறந்தது. ஒருநாளும் கூசியதில்லை.

போன மழைக்கு மறுநாள் கூசியது. ஓடையோரம் ஒரு வெள்ளைக் கொக்கு நின்றது. முழங்கால் வரை நீலம். அலகால் தன் காலையே கொத்திக் கொத்திப் பார்த்தது பாவம், நீலம் போகவில்லை.

“நம்ம சாயம் கெட்டிதான்க்கா, வெளுக்கவே இல்ல பாருங்க!” என்று கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

இன்று மதியம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. தகரக் கூரைக்குக் கீழே தொட்டி விளிம்புவரை நிறைந்திருந்தது. முதல் தூறல் விழுந்ததுமே வால்வின் இரும்புச் சக்கரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மேனேஜர் நனைந்தபடி ஓடிவந்தார். “என்னம்மா, தூங்குறியா? மழை விட்டுடப் போகுது, திற!”

“மாட்டேன் சார். லாரி வரவழைச்சு, சுத்தம் பண்ற இடத்துக்கு அனுப்புங்க.”

“அந்த ஓடைத் தண்ணிய எந்த மனுஷன் குடிக்கிறான்? யாரு வந்து கேக்கப் போறா?”

“கேக்க ஆளில்லாத வீடுன்னா குப்பையக் கொட்டிடலாமா சார்? கொக்குக்குப் பேசத் தெரியாது. எனக்குத் தெரியும்.”

மேனேஜர் பல்லைக் கடித்தார். சாய மாஸ்டரைக் கூப்பிட்டார். சாய மாஸ்டர் வேறு யாருமல்ல, அவள் கணவன்!

“சக்கரத்த வாங்கித் திற. இல்லேன்னா நாளையிலிருந்து ரெண்டு பேருக்கும் வேலை இல்ல.”

கணவன் கையை நீட்டினான். “குடுத்துடும்மா. நமக்கெதுக்கு வம்பு? பொண்ணு இன்னும் படிச்சு முடிக்கல.”

“இந்தாங்க. ஆனா நான் இங்கேயேதான் நிப்பேன். என் கண்ணு முன்னால திறங்க.”

வால்வு வரை போனவன் சக்கரத்தைப் பொருத்தாமல் நின்றான். கூரையில் மழை அறைந்தது.

“திறக்கலேன்னா தொட்டி வழியுமேடி?” என்றான் மெதுவாக.

“நீங்க சாயம் போடுறத நிறுத்தினா எப்படிங்க வழியும்?”

அவன் அவளை ஏறிட்டுப் பார்த்தான். சக்கரத்தை அவள் கையிலேயே திரும்பக் கொடுத்தான். விறுவிறுவென்று பட்டறைக்குள் போனான். நீராவிக் குழாயை மூடினான். ஒவ்வொரு இயந்திரமாக ஓய்ந்தது.

“நாளைக்கு ரெண்டு பேரும் இந்தப் பக்கமே வரக் கூடாது!” மேனேஜர் கத்தினார்.

“வருவோம் சார். துரத்துறதுன்னா எல்லார் முன்னாலயும், எதுக்குன்னு சொல்லித் துரத்துங்க” என்றாள் அவள். “அதுக்கு முன்னால லாரிக்குப் போன் போடுங்க. தொட்டி காலியாகாம இங்க ஒரு நூல்கூட நனையாது.”