வேண்டாம் என்று மூன்று பேர் சொன்ன வங்கி

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தெற்கு ஜெர்மனியின் வால்டோர்ஃபிலிருந்து கிளம்பினேன். வடக்கே ரூர் பகுதியில் ஒரு குடியிருப்பில் மக்கள் சேர்ந்து வங்கி தொடங்குகிறார்கள். ஆலோசனை சொல்ல என்னை அழைத்திருக்கிறார்கள். இதைக் கேட்டு முதலில் சிரித்தவள் என் மனைவி. மாதக் கடைசியில் என் கணக்கில் என்ன இருக்கிறது என்பது அவளைக் கேட்டால்தான் எனக்கே தெரியும்.

அழைத்தவர் யோகராணி அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர், முதியவர்களை வீடு வீடாகப் போய்ப் பராமரிக்கும் தாதி. போன ஆண்டு ஹாம் நகரத்துக் கோயில் தேர்த் திருவிழாவில், அன்னதான வரிசையில் பழக்கம். என்ன வேலை என்று கேட்டார். "பேங்க் சாஃப்ட்வேர்" என்றேன். இரண்டாவது சொல் நாதஸ்வரத்தில் அமுங்கிவிட்டதா, அவரே தள்ளிவிட்டாரா, தெரியாது. கடன் விண்ணப்பத் திரையில் ஒரு பொத்தான் சாம்பல் நிறமாக இருக்க வேண்டுமா நீலமாக இருக்க வேண்டுமா என்று இரண்டு வருடமாகச் சோதித்துக்கொண்டிருப்பவன் நான். போதாக்குறைக்குச் சொந்த ஊர் காரைக்குடி என்று சொல்லித் தொலைத்தேன். வட்டிக் கணக்கு ரத்தத்திலேயே ஓடுகிறது என்று முடிவு கட்டிவிட்டார். என் அப்பா அங்கே வைத்திருந்தது சைக்கிள் கடை.

மாதம் ஐம்பத்தெட்டு யூரோவுக்கு ஒரு சீட்டு வாங்கினால் நாடு முழுக்க மெதுவான ரயில்களில் போகலாம். வேக ரயிலுக்கு நூறு யூரோவுக்கு மேல் கேட்டார்கள். வங்கி ஆலோசகர் மெதுவான ரயிலில் ஏறினார். மான்ஹைம், மைன்ஸ், கோப்லென்ஸ் என்று மூன்று இடத்தில் மாற வேண்டும். முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். மைன்ஸ் தாண்டினால் ரைன் நதி கூடவே வருகிறது. எதிர்க்கரையில் திராட்சைக் கொடிகள் செங்குத்தாக ஏறுகின்றன. வளைவுக்கு ஒரு கோட்டை. அந்தக் காலத்தில் கோட்டைக்காரர்கள் ஆற்றில் போகும் படகுகளை மறித்து வரி பிடுங்குவார்களாம்.

எதிர் இருக்கையில் நாய்க்குட்டியோடு ஒரு மூதாட்டி. எங்கே பயணம் என்று கேட்டார். என் ஜெர்மன் மொழியின் முழுப் பலத்தையும் திரட்டி, "வங்கிக்காகப் போகிறேன். இன்று மாலைக்குள் முடித்துவிடுவோம்" என்றேன். அவர் கைப்பையை மடியிலிருந்து எடுத்து மறுபக்கம் வைத்துக்கொண்டார். கோப்லென்ஸ் வரை நாய் மட்டும்தான் என்னைப் பார்த்தது.

நண்பகலுக்குப் பிறகு டூயிஸ்பர்க். தூறல். ரயில் நிலைய வாசலில் சின்னக் காரோடு அக்கா நின்றார்.

"வாங்கோ தம்பி, களைச்சுப் போனியள் போல. சாப்பிட்டனீங்களோ?"

"சாப்பிட்டேங்க்கா."

"பொய் சொல்லாதேங்கோ. பின்சீட்டில ரோல்ஸ் இருக்கு, எடுங்கோ."

நான் ரோல்ஸ் பெட்டியைக் கையில் எடுத்த பிறகுதான் வண்டி நகர்ந்தது.

அவர்கள் குடியிருப்புக்கு ஊரில் 'கொலொனி' என்றே பெயர். நிலக்கரிச் சுரங்க முதலாளி ஒருவர் போலந்துப் பக்கத்திலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றிய இடம். செங்கல் வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. பின்னால் ஆடு கட்டும் கொட்டகை, அதற்குப் பின்னால் ஒரு துண்டு தோட்டம். வீடும் கம்பெனியுடையது, கடையும் கம்பெனியுடையது, கூலியில் மிச்சம் பிடித்துப் போடும் சேமிப்பு அறையும் கம்பெனியுடையதுதான். பிறகு சுரங்கம் மூடியது. போலந்துக்காரர்களின் பேரன்கள் ஜெர்மானியர்களானார்கள். துருக்கியர் வந்தார்கள், போர்க்காலத்தில் நம்மவர்கள் வந்தார்கள். ஆட்டுக் கொட்டகைகளில் இப்போது முருங்கைக்கன்றுத் தொட்டிகள் குளிருக்கு ஒதுங்கி நிற்கின்றன.

முச்சந்தியில் அக்கா காரை நிறுத்திக் காட்டினார். மூடிய வங்கிக் கிளை. கண்ணாடிக் கதவில் உள்ளேயிருந்து பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. பணம் வரும் இயந்திரம் இருந்த ஓட்டையைப் பலகை வைத்து அடைத்திருந்தார்கள்.

"உதுதான் தம்பி. நான் பராமரிக்கிற சனத்துக்குப் பென்ஷன் காசு எடுக்க ரெண்டு பஸ் மாற வேணும். நடக்கவே ஏலாத சனம். கார்டைத் தந்து, நம்பரையும் சொல்லி, எடுத்துக்கொண்டு வா பிள்ளை எண்டுதுகள். எனக்கு ஏதும் கெட்ட எண்ணம் வந்தால்?"

திட்டம் இதுதான். முழு வங்கிக்கு வேண்டிய மூலதனத்துக்கும் உரிமத்துக்கும் இந்தக் குடியிருப்பையே விற்றாலும் காணாது. அதனால் முதலில் ஒரு கூட்டுறவுச் சங்கம். நூறு யூரோ ஒரு பங்கு. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரே வாக்கு. சங்கம் இந்தக் கட்டடத்தை வாங்கும். பக்கத்து நகரத்துக் கூட்டுறவு வங்கி ஒன்று வாரத்தில் சில நாள் ஆளை உட்கார வைக்கச் சம்மதித்திருக்கிறது. சட்டப்படி 'வங்கி' என்று பலகை மாட்ட முடியாது. வாயால் சொல்வதற்குத் தடையில்லை. எல்லோரும் "எங்கட வங்கி" என்றே சொன்னார்கள்.

ஒரு சிக்கல். கட்டடத்தின் சொந்தக்காரர் இரண்டு மாதத்துக்கு முன்பே கெடு வைத்துவிட்டார், வரும் திங்கட்கிழமை வரைதான் பொறுப்பார். சங்கத்தின் தலைவர் என்று ஒருவர் வந்து கையெழுத்துப் போடாவிட்டால், சூதாட்ட இயந்திரக் கூடம் வைக்கக் கேட்பவருக்குக் கொடுத்துவிடுவார். எனவே இன்றைய கூட்டத்தில் தலைவரைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்.

"தலைவர் யாருக்கா?"

"ஆரோ வரட்டும். எங்களுக்கு அலுவல் நடந்தால் சரிதானே" என்றார், சாலையைப் பார்த்தபடி. வீடு வீடாகப் போய் மூன்று மொழியில் பேசி உறுப்பினர் சேர்த்தது இவர்தான்.

கூட்டம் புறாப் பந்தயச் சங்கத்தின் மண்டபத்தில். சுவர் நிறைய, வென்ற புறாக்களின் படங்கள். ஒரு மேசையில் உருளைக்கிழங்கு சாலட், உளுந்து வடை, துருக்கிப் பலகாரம். மண்டபம் நிரம்பியிருந்தது, பாதிக்கு மேல் நம்மவர்கள். நடத்துபவர் ஹெர் நோவாக், அதாவது திருவாளர் நோவாக், ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி. கட்டைக் குரல், கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. புறாச் சங்கத்தை நாற்பது வருடம் நடத்தியவர். கூட்ட விதிமுறைகள் தலைகீழ்ப் பாடம்.

மரியாதைக்கு நானும் நூறு யூரோ கொடுத்து ஒரு பங்கு வாங்கினேன். ஆலோசனை கேட்டார்கள். "எல்லோரும் ஒற்றுமையாக இருக்க வேண்டும்" என்றேன். கைதட்டினார்கள். வால்டோர்ஃபிலிருந்து நான் சுமந்து வந்தது அவ்வளவுதான்.

துண்டுச் சீட்டில் பெயர் எழுதிப் பெட்டியில் போட்டார்கள். எண்ணியபோது யோகராணி அக்காவுக்கு நிறைய. அடுத்தது குணம் அண்ணை. தமிழ்க் கடை வைத்திருப்பவர், வாக்குப்பதிவுக்கு முன் எல்லோர் கையிலும் ஆளுக்கொரு வடையைத் திணித்துக்கொண்டிருந்தவர். மூன்றாவதாக, எந்தப் புண்ணியவான்கள் எழுதினார்களோ, நான்.

ஹெர் நோவாக் எழுந்து நின்று, சட்டம் கேட்கச் சொல்லும் கேள்வியைக் கேட்டார்: "ஃப்ராவ் யோகராணி, இந்தத் தேர்வை ஏற்றுக்கொள்கிறீர்களா?"

அக்கா தலையைக் குனிந்தார். "நைன், நைன். எனக்கு எதுக்கு உந்தப் பெரிய பதவி? குணம் அண்ணை இருக்கட்டும்." அதையே ஜெர்மனிலும் சொன்னார்.

இதற்கு அப்புறம் என்ன நடக்க வேண்டும் என்று நம்மவர் ஒவ்வொருவருக்கும் தெரியும். "இல்லை அக்கா, நீங்கள்தான்" என்று சபை சொல்லும். அக்கா இன்னொரு தரம் மறுப்பார். சபை சத்தம் போடும். பிறகு, "நீங்களெல்லாம் இவ்வளவு சொல்லுறியள், சரி" என்று இழுப்பார். அதற்குப் பிறகுதான் பதவி. கேட்டவுடன் ஓம், அதாவது சரி, என்றால் பதவிக்கு அலைந்தவள் என்று பேர் வரும். சபை அந்த முதல் "இல்லை அக்கா"வுக்கு மூச்சை இழுத்தது.

"ஷாடெ" என்றார் ஹெர் நோவாக். வருத்தம் என்று பொருள். குறித்துக்கொண்டார். "அடுத்தவர். ஹெர் குணரத்தினம், ஏற்றுக்கொள்கிறீர்களா?"

குணம் அண்ணைக்கு இது வானத்திலிருந்து விழுந்த பழம். ஆனால் அவரும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்தானே! கை தானாக நெஞ்சுக்குப் போனது. "நானோ? ஐயோ, எனக்குக் கடையோட கிடந்து மாயவே நேரமில்லை. வயதும் போட்டுது" என்று இரண்டு மொழியிலும் சொல்லிவிட்டு, யாராவது வற்புறுத்துவார்கள் என்று கூட்டத்தை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"ஷாடெ."

அடுத்து என் பெயர். நான் விவரமான ஆள், நடப்பதைப் புரிந்துகொண்டவன். ஆனாலும் என் வாய் என்னைக் கேட்காமல், "அதெல்லாம் நமக்கு எதுக்குங்க" என்று தமிழில் சொன்னது, தலையும் அதற்கேற்ப ஆடியது. இந்த ஒரு விஷயத்தில் பாக்கு நீரிணைக்கு இரண்டு கரையும் ஒன்று.

ஹெர் நோவாக் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்குக் கோபமில்லை, முகம் விழுந்துவிட்டது. "புறாச் சங்கத் தலைவர் பதவிக்கு இங்கே மனிதர்கள் ஒருவரையொருவர் அடித்திருக்கிறார்கள். இதற்கு மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தீர்கள், மூன்று பேருக்கும் வேண்டாம். இந்த வங்கி வராது என்று நினைக்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். திங்கட்கிழமை கட்டடக்காரரிடம் நானே சொல்லிவிடுகிறேன்." கோப்பை மூடினார்.

மண்டபம் கொதித்தது. "இல்லை அக்கா, நீங்கள்தான்" என்று தாமதமாக முப்பது குரல் எழுந்தது. நான் பாய்ந்து முன்னால் போய் விளக்கினேன். "ஹெர் நோவாக், எங்கள் பழக்கத்தில் 'வேண்டாம்' என்பது 'வேண்டும்' என்பதன் முதல் பாதி."

அவர் என்னையும் மண்டபத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இரண்டாம் பாதி எங்கே?"

"அதை இவர்கள்தான் தள்ளிக்கொண்டுவர வேண்டும்."

"நான் யாரையும் தள்ள மாட்டேன்" என்றார். "திங்கட்கிழமை கட்டடக்காரரோடும் பிறகு வங்கியோடும் பேசப்போகிறவர், தனக்கு வேண்டும் என்று தானே சொல்லட்டும். மறுபடி வாக்கெடுக்கலாம். எழுந்து நிற்பவர் பெயரை மட்டும்தான் எழுதுவேன்."

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். நோயாளியைத் தூக்கி உட்கார வைக்கிற அந்தக் கைகள் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தன. பின்வரிசையில் ஒருத்தி, "சொல்லுங்கோ அக்கா" என்று கிசுகிசுத்தாள். அவள் பக்கத்திலிருந்தவர், "சும்மா இரும், தள்ளக்கூடாதாம்" என்று அடக்கினார்.

நாற்காலி தரையில் உராய்ந்தது. அக்கா எழுந்தார்.

"எனக்கு வேணும்" என்றார் தமிழில். செருமிக்கொண்டு, இந்த முறை ஜெர்மனில், புறாக்களுக்கும் கேட்கும்படி சொன்னார்: "எனக்கு வேண்டும். வேறு ஆள் செய்வதை விட நான் நன்றாகச் செய்வேன்."

"பாரன், வேறை ஆளாம்!" என்றார் குணம் அண்ணை. "என்னைத்தான் சொல்லுறாள். உதை முதலே சொல்லியிருந்தால் என்ர வடையெல்லாம் மிச்சம் பிள்ளை." சொல்லிக்கொண்டே முதல் கையை அவர்தான் தூக்கினார். பிறகு கைகள் எழுந்த வேகத்தில் ஒரு தட்டு சாலட் கவிழ்ந்தது.

"ஃப்ராவ் யோகராணி, இந்தத் தேர்வை..."

"யா!" என்றார் அக்கா. கேள்வி பாதியில் நின்றது. அது முடியும்வரை காத்திருக்கும் துணிச்சல் அவருக்கு இல்லை என்று நினைக்கிறேன்.

மாலை ரயிலுக்கு அவரே கொண்டுவந்து விட்டார். மேடையில் காற்று. எங்கள் ஊர்ச் சங்கத்தில் தலைவரை நாற்காலியிலிருந்து எழுப்பத்தான் கோர்ட்டுக்குப் போவோம், உட்கார வைக்க இவ்வளவு பாடுபட்டதை இன்றுதான் பார்க்கிறேன் என்றேன். சிரித்தார். சற்றுப் பொறுத்து, "சனம் என்ன நினைச்சிருக்கும் தம்பி? அலைஞ்சவள் எண்டுதானே?" என்றார்.

"சிலர் நினைச்சிருப்பாங்கக்கா."

"நினைக்கட்டும்."

ரயில் வந்தது. படியில் ஏறி நின்று, திங்கட்கிழமை கையெழுத்துப் போடப் போக வேண்டுமே, வேலைக்கு விடுப்புக் கிடைக்குமா என்று கேட்டேன்.

"அது பிரச்சினை இல்லை. திங்கள் எனக்கு லீவு."

"இவ்வளவு சீக்கிரம் எப்படிக் குடுத்தாங்க?"

அக்கா தண்டவாளத்தைப் பார்த்தார். "அது... போன மாசமே எடுத்து வைச்சிட்டன்."

கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார் தலைவர்.