தனிச் சீட்டு வாங்கின வெள்ளையம்மா

மலாயாவில் செடெனாக் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் வெள்ளையம்மா புருஷனோடு போட்ட சண்டையெல்லாம் ஒரு பக்கம், மருந்துச் சீட்டுக்காகப் போட்ட சண்டை ஒரு பக்கம். வெள்ளைக்காரத் துரை ஓடி, சப்பான்காரன் வந்த பிறகு தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து என்று மிஞ்சியது குளிர்காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினா மாத்திரை ஒன்றுதான். அதுவும் சீட்டு இருந்தால்தான். புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் ஒரே சீட்டில் சேர்ந்துகொள்ளலாம், இல்லையா, ஆளுக்கொன்று தனியாக வாங்கிக்கொள்ளலாம் என்று மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் சபாபதி கூலிக்காரர் குடியிருக்கும் லயத்துக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

கூட்டுச் சீட்டில் லாபம் உண்டு. ஒருத்தர் திடமாக இருந்தால் அவர் பங்கும் படுத்துக் கிடக்கிறவருக்கே வரும். வெள்ளையம்மாவுக்கு மாசா மாசம் குளிர்காய்ச்சல். புருஷன் காளியப்பனுக்கோ தும்மல்கூட வராது. ஆனால் கூட்டுச் சீட்டை ஆம்பிளை பேரில்தான் எழுதுவார்கள். அவன் தோட்டத்தை விட்டுப் போனால் சீட்டும் போச்சு. சயாமில் ரயில் போட ஆள் பிடிக்கிறார்கள் என்ற பேச்சு அப்போதே லயத்துக்கு வந்திருந்தது. லாபம் கிடக்கட்டும், தனியாகவே வாங்கிவிடலாம் என்று கெஞ்சினாள்.

காளியப்பன் நல்லவன்தான். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். ஆனால் மானம் என்று ஒன்று குறுக்கே வந்துவிட்டால் மூளையைக் கழற்றி வைத்துவிடுவான்.

"தனிச் சீட்டு தாலியறுத்தவளுக்கும் தீர்த்துவிட்டவளுக்கும்டி. குத்துக்கல்லாட்டம் நான் இருக்கேன், உனக்கு எதுக்கு?"

லயத்துப் பெண்களும் அதையே சொல்லிச் சிரித்தார்கள். ஊர் வாய்க்குப் பயந்து அவளும் கூட்டுச் சீட்டுக்குத் தலையாட்டினாள், பைத்தியக்காரி.

அப்புறம் ஒரு நாள் காலைப் பெரட்டில் பேர் கூப்பிட நின்ற ஆம்பிளைகளை அப்படியே சயாமுக்கு லாரியில் ஏற்றினார்கள். காளியப்பனும் போனான். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளக்கூட விடவில்லை. அடுத்த காய்ச்சலுக்கு அவள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது சீட்டு செல்லாது என்றார்கள். வேப்பங்கொழுந்தை அரைத்துக் குடித்தாள். கண்ட இலையையெல்லாம் காய்ச்சிக் குடித்தாள். குளிர் விட்டபாடில்லை. அதே லயத்தில் இரண்டு பெண்கள் இதே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார்கள்.

சபாபதி இரக்கப்பட்டவர். அவளைத் தனியே கூப்பிட்டு, புருஷன் இருக்கிறவளுக்கு இனிமேல் தனிச் சீட்டு தர மாட்டார்கள், இல்லாதவளுக்குத்தான் உண்டு என்றார். "சயாம்ல செத்துட்டாருன்னு ஆபீஸ்ல சொல்லிடும்மா. யாரு போய்ப் பாக்கப் போறா?"

அவர் வாயில் மண்ணைப் போடலாம் போலிருந்தது. ஆனால் உயிர் ஆசை யாரை விட்டது? தாலியைக் கழற்றிக் காலி அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டு ஆபீசுக்கு நடந்தாள்.

கட்டினவன் பேரைப் பெண்டாட்டி வாயால் சொல்லக் கூடாது. கல்யாணமான நாளிலிருந்து அவள் சொன்னதில்லை. யாராவது கேட்டால் பக்கத்தில் நிற்கிறவர்களைச் சொல்லச் சொல்லுவாள். அன்றைக்கு ஆபீசில் பக்கத்தில் யாரும் இல்லை. கணக்கெழுதும் கிராணி பேனாவோடு காத்திருந்தார். "காளியப்பன்" என்றாள். அவள் அந்தப் பேரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. "செத்துட்டாரு" என்றாள்.

சேதி கேட்டு லயமே கூடிக் கட்டிப்பிடித்து அழுதது. அவளும் அழுதாள். சொன்னது பொய், அழுகை பொய்யில்லை. ஒவ்வொரு மாத்திரையும் புருஷனையே விழுங்குகிற மாதிரி இருந்தது. விழுங்கினாள், பிழைத்தாள்.

மறு வருஷம் ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் காளியப்பன் வந்து நின்றான். சயாம் காட்டிலிருந்து தப்பி, ஒளிந்து ஒளிந்து வந்தவன். எலும்பும் தோலும், காலில் ஆறாத புண், குளிர்காய்ச்சலில் உடம்பெல்லாம் நடுக்கம். அவன் பார்வை முதலில் போனது அவள் கழுத்துக்கு. எதையும் மறைக்காமல் சொல்லிவிட்டாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

சபாபதி ஒளிந்து வந்து பார்த்தார். உயிரோடு வந்துவிட்டான் என்று ஆபீசில் சொன்னால் பொய் சொன்னதற்கு அவளைச் சும்மா விட மாட்டார்கள். அவனை மறுபடி சயாமுக்கே ஏற்றிவிடுவார்கள். வழி ஒன்றுதான் என்றார். அவனுக்கு வேறு பேர் கொடுத்து, வெள்ளையம்மா புதிதாகச் சேர்த்துக்கொண்ட ஆள் என்று எழுதிக் கூட்டுச் சீட்டு வாங்கிவிடலாம், இந்தக் கோலத்தில் அவனை ஆபீசில் யாருக்கும் அடையாளம் தெரியாது. அவள் காளியப்பனின் காலைப் பிடித்துக்கொண்டு, ஒத்துக்கொள்ளச் சொல்லி அழுதாள்.

"எம் பொண்டாட்டிக்கு நானே ரெண்டாம் புருஷனா?" என்று கேட்டான். முடியாது என்று காலை இழுத்துக்கொண்டான்.

தன் பங்கு மாத்திரையைப் பொடித்து மரவள்ளிக் கஞ்சியில் கலந்து கொடுத்தாள். கொயினாவின் கசப்பை மறைக்க அந்தக் காலத்தில் சர்க்கரைக்கு எங்கே போவது? ஒரு வாய் குடித்ததும் தெரிந்துகொண்டு துப்பினான்.

"செத்தவனுக்கு எதுக்குடி மருந்து?"

அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அவன் மானத்தில் தீயை வைக்க என்று கத்தினாள். அன்றைக்கே தனித்தனியாக வாங்கியிருந்தால் இந்தப் பொய்யே தேவைப்பட்டிருக்காது, அவளைச் சாகக் கிடத்தியதும் அந்த மானம்தான், இப்போது அவனைக் கொல்லப்போவதும் அதுதான் என்று திட்டித் தீர்த்தாள். வாயைப் பிளந்து கஞ்சியை ஊற்றிக்கூடப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான் பாவி மனுஷன்.

வாரம் தாண்டவில்லை. லயத்தில் மிஞ்சியிருந்த ஆம்பிளைகள் நாலு பேர் தப்படிக்காமல், சங்கூதாமல் தூக்கிக்கொண்டு போய் ரப்பர்க் காட்டு ஓரத்தில் புதைத்தார்கள். ஆபீஸ்காரன் காதில் விழுந்துவிடும் என்று அவளை வாய்விட்டு அழவும் விடவில்லை.

அவன் செத்ததை ஆபீசில் போய்ச் சொல்லவேண்டிய வேலைகூட அவளுக்கு இருக்கவில்லை. அங்கே அவன் போன வருஷமே செத்திருந்தான். மருந்து கொடுக்கிற நாள் வந்தது. வெள்ளையம்மா தன் சீட்டை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றாள்.