செய்தல், சரிசெய்தல்: ஜெயசீலன் அண்ணாச்சி

ஓர் இயந்திரத்தைச் செய்யத் தெரிந்தவருக்கு அதைச் சரிசெய்யவும் தெரிந்திருக்குமா? ஜெயசீலன் அண்ணாச்சியோடு பல ஆண்டுகள் இதைப் பற்றி வாதாடியிருக்கிறேன். விடை எனக்கு இன்றும் தெரியாது. சனிக்கிழமை காலை தங்கவேல் தொலைபேசியில், "மேடம், அண்ணாச்சி போயிட்டாக. மதுரையிலருந்து வண்டி கெளம்பிருச்சு" என்றபோது, வாதம் பாதியில் நிற்கிறது என்பதே முதலில் தோன்றியது.

போடி கடைவீதியில் அவருடைய பம்புசெட் கடையை உங்களில் பலர் அறிவீர்கள். ஞாயிறு ஆராதனைக்குப் பின் அந்தக் கடை மாடியில் நடந்ததைச் சிலரே அறிவீர்கள். வெளிநாட்டிலிருந்து தம் தம்பி அனுப்பிய விளையாட்டு விதிப்புத்தகத்தை வைத்துக்கொண்டு அண்ணாச்சி, அவர் மனைவி மெர்சி, சின்னமனூரில் திராட்சை போடும் தங்கவேல், கல்லூரியில் புள்ளியியல் நடத்தும் நான் என நால்வரும் கதை விளையாட்டு ஆடினோம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள். பாத்திரத்தின் ஒவ்வொரு திறனுக்கும் ஓர் எண் உண்டு. மூன்று பகடைகளின் கூட்டு அந்த எண்ணைத் தாண்டாமல் விழுந்தால் காரியம் பலிக்கும். "படிச்சவுக கூடித் தாயம் ஆடுறாக" என்று கீழே சிரிப்பார்கள்.

புத்தகத்தில் இயந்திர வேலைக்கு ஒரே திறன்தான். அண்ணாச்சி அதை இரண்டாக வெட்டினார்: செய்தல், சரிசெய்தல். காரணம் கேட்டேன். மேகமலை எஸ்டேட் ஒன்றுக்குத் தாமே செய்துகொடுத்த ஏலக்காய் உலர்த்தியைப் பற்றிச் சொன்னார். அருமையாக ஓடிக்கொண்டிருந்தது ஒரு நாள் நின்றுவிட்டது. மலையிலேயே தங்கிப் பார்த்தும் கோளாறு பிடிபடவில்லை. கடைசியில் இறங்கிவந்து, புதிதாக வேறொன்று செய்து அனுப்பினாராம்.

"நாம செஞ்சத நாம சந்தேகப்பட மாட்டோம் மேடம். சரிபண்றவன் எல்லாத்தையும் சந்தேகப்படணும்."

"ஒரே ஓர் உதாரணத்தை வச்சு விதி எழுதக்கூடாது" என்றேன்.

"அப்ப இன்னும் நாலு உலர்த்தியக் கெடுத்துட்டு வரவா?"

"கெடுக்கவே வேணாம் அண்ணாச்சி, நீங்க செஞ்சாப் போதும்" என்றார் தங்கவேல். அதிகம் சிரித்தவர் அண்ணாச்சிதான்.

சிறுநீரகங்கள் செயலிழந்தபின் மதுரைக்குப் போய் டயாலிசிஸ் செய்துவந்தார். மெர்சி கொடுக்க முன்வந்த சிறுநீரகம் பொருந்தவில்லை. வேறொன்றுக்காகக் காத்திருந்தோம். காத்திருப்பதைத் தவிர எங்களால் ஆனது எதுவுமில்லை. கதை நடத்தும் வேலையை என்னிடம் கொடுத்துவிட்டு ஆடுபவராக உட்கார்ந்தார். "என் கிட்னிய யாராச்சும் கதைக்குள்ள கொண்டாந்தீகன்னா பகடையத் தூக்கி வாய்க்கால்ல எறிஞ்சுருவேன்" என்று எச்சரித்தார். யாரும் கொண்டுவரவில்லை.

அவர் கடைசியாக வந்த ஞாயிறன்று, கதையில் வந்த சுரங்க நகரத்துக்குக் காற்று தரும் இயந்திரம் நின்றுபோயிருந்தது. அதன் அருகே இருந்தது அவருடைய பாத்திரம் மட்டும். செய்தலில் அதற்குப் பதினைந்து, சரிசெய்தலில் ஆறு. பலிக்காவிட்டால் நகரத்தில் யாரும் மிஞ்சமாட்டார்கள். ஆறுக்குள் விழப் பத்தில் ஒரு வாய்ப்புகூட இல்லை.

தங்கவேல் அவர் முகத்தைப் பார்க்காமல், "ரெண்டையும் ஒண்ணாக்கிப் பதினஞ்சுக்கே போடச் சொல்லுவோம் மேடம். இம்புட்டு நாளா நீங்க கேட்டதுதான?" என்றார்.

"ஏலே தங்கவேலு, நான் பொழைக்கணும்னு சட்டத்த மாத்துவியா?"

"மாத்துனா என்ன?" என்றார் மெர்சி. அவர் குரல் உயர்ந்து அதுவரை நாங்கள் கேட்டதில்லை. "பொழைச்சாப் போதாதா?"

பகடைகளை எடுத்த அண்ணாச்சி குலுக்காமலே உள்ளங்கையில் வைத்திருந்தார். பிறகு மேசையில் வைத்து, "அடுத்த ஞாயிறு போடுறேன்" என்றார்.

சனி மாலை கல்லறைத் தோட்டத்தில், நம்மைப் படைத்தவர் எல்லாவற்றையும் சீராக்குவார் என்று ஒருவர் ஆறுதல் சொன்னார். எனக்கு அந்த உலர்த்தி நினைவுக்கு வந்தது. செய்தல் வேறு, சரிசெய்தல் வேறு என்று அவர் பிரித்ததை ஒப்புக்கொள்ளாமலே வைத்துக்கொள்கிறேன். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அதுதான்.

மறுநாள் ஞாயிறு. மெர்சி எங்களை மாடிக்கு வரச் சொன்னார். வராதவருக்காக அவருடைய இடப்பக்கத்தில் இருப்பவர் பகடை போடுவது எங்கள் வழக்கம். அந்த நாற்காலி மெர்சியுடையது. எந்த எண்ணுக்கு என்று கேட்டேன். "ஆறுக்கு" என்றார். பதினொன்று விழுந்தது. தங்கவேல் "மேடம்" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். கதை நடத்துபவர் நான் என்பதால், நகரத்தில் காற்று தீர்ந்துவிட்டது என்று நான்தான் சொன்னேன்.