எங்கள் லயத்து மந்திரிசபை

ஏதோ ஒரு தேசத்தில் சர்வாதிகாரியை விரட்டிவிட்டார்கள், தேர்தல் வரும்வரை இடைக்கால மந்திரிசபை ஆளும் என்று தொலைக்காட்சியில் சொன்னால், வீட்டில் எல்லோரும் வாய் பிளந்து கேட்கிறார்கள். எனக்கு அதெல்லாம் புதிதில்லை. நான் ஒரு மந்திரியின் மகள்.

நோர்வூட்டுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு, அதாவது ஒரே கூரையின் கீழ் நீளும் எங்கள் வரிசை வீடுகளுக்கு, ஒரு தலைவர் இருந்தார். யாரும் தேர்ந்தெடுத்தவர் இல்லை; அவருடைய அப்பா தலைவர், அதனால் அவரும் தலைவர். மலைத் தண்ணீர் வந்து விழும் பீலியில் அவர் வீட்டுக் குடம் நிறையும் முன் வேறு குடம் வைக்கக்கூடாது. விடியற்காலை வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓட வேண்டிய பெண்களெல்லாம் குளிரில் நடுங்கிக்கொண்டு, அவர் மனைவி தலைவரம்மா வரும்வரை காத்து நிற்பார்கள். ஒருநாள், காய்ச்சல் பிள்ளைக்காக முந்தித் தண்ணீர் பிடித்தவளின் குடத்தை அவர் காலால் உதைத்து உருட்டிவிட்டார். அன்று சாயங்காலம் லயமே திரண்டு போய், "இனிமே நீங்க தலைவரு இல்லிங்க" என்று சொல்லிவிட்டது. அப்போதும் மரியாதைக்குக் குறைவில்லை.

திருவிழாவுக்கு முந்திய ஞாயிறு கை தூக்கிப் புதுத் தலைவரைத் தெரிவுசெய்வது, அதுவரை பூசாரியும் பெரியப்பாவும் அம்மாவும் லயத்தைப் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு. பீலி அம்மாவின் இலாகா.

மறுநாள் காலையில் தலைவரம்மா குடத்தோடு வந்து நின்றார். யாரும் வழிவிடவில்லை.

"மகாராணி ஆத்துக்குப் போங்க. அங்க முழுசும் ஒங்களுக்குத்தான்!" என்று வரிசையிலிருந்து ஒருத்தி சொன்னாள்.

அவர் தலை நிமிரவில்லை. வெறுங்குடத்தோடு திரும்பினால் வீட்டில் என்ன நடக்கும் என்பது சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் காம்பராக்களுக்கெல்லாம் கேட்டுப் பழக்கம்.

அம்மா அந்தக் குடத்தை வாங்கி வரிசையின் கடைசியில் வைத்தாள். "நில்லுங்க மதினி, ஒங்க மொறை வரும்."

"அப்ப எதுக்கு அவர எறக்குனோம்?" என்று காய்ச்சல் பிள்ளையின் தாய் கத்தினாள்.

"எல்லாரும் வரிசைல நிக்கத்தான் புள்ள."

அன்றிலிருந்து பாதி லயம் அம்மாவோடு பேசவில்லை.

குறித்த ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் மூன்று பேர் போட்டிக்கு நின்றார்கள்: அம்மா, பழைய தலைவரின் தம்பி, கொழுந்து லொறி ஓட்டுகிறவர். நான் தலைவரம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் பெயர் சொன்னபோது அது அசையவில்லை. தம்பியின் பெயருக்குப் புருஷன் முழங்கையால் இடித்தார். அப்போதும் மடியிலேயே கிடந்தது. லொறிக்காரருக்கு மட்டும் தலைக்கு மேலே போனது. ஜெயித்ததும் அவர்தான்.

வீட்டுக்கு வந்து அழுதேன். "தண்ணி விட்டியேம்மா, ஒனக்குக் கை தூக்கலையே!"

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்: "ஆமாண்டி, எனக்குத் தூக்கல. அவ புருஷன் சொன்ன ஆளுக்கும் தூக்கல, பாத்தியா?"

அதையே ரொட்டி சுட்டு முடிக்கும்வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். தோற்றுப்போனவளுக்கு இதில் என்ன சந்தோஷம் என்று விளங்காமல், கோபத்தில் நான் சாப்பிடாமலே படுத்துக்கொண்டேன்.